சர்க்கரைக் கண்ணுக்கு ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசி: காசுக்குத் தகும், ஆனால் தேதியைக் கையில் வாங்கிக்கொண்டு போடுங்கள்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் போடும் இந்த ஊசி நல்லது. விலை குறைந்த ஊசியே இந்த வேலைக்குப் போதும். ஆனால் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று பார்க்கும் ஃபிட்னஸ் எல்லாம் முடித்து, ஆபரேஷன் தேதியை எழுதி வாங்காமல் அந்த ஊசிக்குப் படுக்காதீர்கள். மதிப்பெண் என்று கேட்டால் ஊசிக்கு ஐந்துக்கு நாலரை, போட்ட டாக்டருக்கு ஐந்து, அந்த ஆஸ்பத்திரியின் பில் கவுண்டருக்கு இரண்டு, அதுவும் பாவம் பார்த்து.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளம், வீட்டில் பேசுவது தமிழ், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூர். வேலந்தாவளம் வழியாக உக்கடம் போய் இறங்கினால் எந்தக் கண் ஆஸ்பத்திரிக்கும் போய்விடலாம் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்கள் பாலக்காட்டைவிட அங்கேதான் அதிகம் போவார்கள். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறையை அங்கே காத்திருந்த வேறு சிலரும் வேறு வேறு இடங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் ஒரு பெயரை மட்டும் இழுத்து விடுவதில் அர்த்தமில்லை.

அப்பாவுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சுகர். மாத்திரை, அப்புறம் இன்சுலின், நடுவில் இதயத்துக்கு ஒரு ஸ்டென்ட். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. ஒரு நாள் தோப்பிலிருந்து வந்தவர், "வலது கண்ணுக்குள்ள கறுப்பா நூலு ஓடுது கண்ணு" என்றார். இரண்டாம் நாள் நூல் போய் மொத்தமாக மறைத்துக்கொண்டது, முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரிந்தது. வலி கிடையாது. வலி இல்லாததால்தான் நம் ஆட்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

உள்ளே ரத்தம் நிறைந்திருந்ததால் டார்ச் அடித்துப் பார்த்தால் விழித்திரை தெரியவில்லை. கண் இமை மேல் ஜெல் தடவி, ஒலி அலையில் கண்ணின் உள்ளே பார்க்கும் பி ஸ்கேன் எடுத்தார்கள். ரெட்டினா டாக்டர் விளக்கியது இதுதான்: பல வருஷச் சர்க்கரையில் விழித்திரையின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துப்போகின்றன, அந்த இடத்துக்கு ஆக்சிஜன் போவதில்லை, பட்டினி கிடக்கிற விழித்திரை விஇஜிஎஃப் என்கிற ஒரு புரதத்தைச் சுரக்கிறது, அதன் உத்தரவில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. முளைப்பவை உருப்படியானவையாக இருந்தால் பிரச்சினையே இல்லை. சுவர் பலமில்லாத குழாய்கள், லேசாக இழுபட்டாலே கசியும். கூடவே தழும்புச் சதை ஒன்று சவ்வு மாதிரிப் படர்ந்து விழித்திரையைப் பிடித்து இழுக்கும். அப்பாவுக்கு இரண்டும் நடந்திருந்தது. ரத்தமும் கொட்டியிருந்தது, ஓர் ஓரத்தில் விழித்திரையும் இழுபட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லையும் ரத்தக் கலங்கலையும் எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்குச் சில நாள் முன்னால் கண்ணுக்குள் ஓர் ஊசி என்றார்.

ஆபரேஷனே செய்யப்போகிறீர்கள், அப்புறம் எதற்கு ஊசி என்று கேட்டேன். அப்பா தோப்புக்காரர் என்று தெரிந்துகொண்ட டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "பச்சைக் கொடியை அறுத்தா பால் வடியும், காஞ்ச கொடியை அறுத்தா வடியாதுல்லங்க, அதுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஆபரேஷனில் அந்தச் சவ்வை விழித்திரையிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். குழாய்கள் ரத்தத்தோடு இருக்கும்போது உரித்தால் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், டாக்டருக்கு இடம் தெரியாது, தெரியாமல் உரித்தால் விழித்திரை கிழியும். ஊசி அந்த விஇஜிஎஃப்பைக் கட்டிப்போடுகிறது, ஓரிரு நாளிலேயே புதுக் குழாய்கள் வதங்க ஆரம்பித்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் குழுவும் இதையே சொல்கிறது: முன்கூட்டி ஊசி போட்டவர்களுக்கு ஆபரேஷனின்போது ரத்தக்கசிவு குறைவு, முடிந்த பிறகு மறுபடி கண்ணுக்குள் ரத்தம் சேர்வதும் குறைவு. டாக்டர் காசுக்காகச் சொல்லவில்லை என்று அங்கேதான் எனக்கு நிம்மதி.

அப்பாவுக்கு வேறு கணக்கு. "ஊசியிலயே கொடி காஞ்சிருமுன்னா அறுக்கறது எதுக்குங்க, ஊசியோட நிறுத்திக்கலாமே" என்றார். கேள்வி தப்பில்லை. வெறும் ரத்தக்கசிவு மட்டும் என்றால் அப்படியும் செய்வதுண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 205 கண்களை வைத்து ஊசியா ஆபரேஷனா என்று ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. ஆறு மாதம் வரை சராசரியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சீக்கிரம் தெளிந்தது, ஊசியோடு ஆரம்பித்தவர்களில் மூன்றில் ஒருவர் இரண்டு வருஷத்துக்குள் எப்படியும் ஆபரேஷனுக்கு வந்தார். ஆனால் விழித்திரை இழுபட்டுத் தூக்கிக்கொண்டவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சவ்வை ஊசி கரைக்காது. டாக்டர் இதைப் படம் வரைந்து காட்டினார், அவசரப்படவில்லை, வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும். ஐந்துக்கு ஐந்து என்றது சும்மா இல்லை.

"கள்ளு உண்டுங்களா" என்று இடையில் கேட்டார். அப்பா, "எங்கூர்ல தண்ணிக்குப் பஞ்சம் வந்தாலும் கள்ளுக்குப் பஞ்சம் வராதுங்க" என்று பதில் சொன்னதை டாக்டர் சிரிக்காமல் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

இனி மருந்துக்கு வருவோம், இங்கேதான் பலரும் ஏமாறுவது. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் கவுன்சலர் ஒருவர் உட்கார வைத்து மூன்று பெயர் சொன்னார். அவாஸ்டின், ரேசுமாப், ஐலியா. முதலாவது ஒற்றை இலக்க ஆயிரத்தில் முடியும், கடைசியின் விலையைக் கேட்டு அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். "ஐலியாதான் சார் கண்ணுக்குன்னே வந்த மருந்து, அவாஸ்டின் கேன்சர் மருந்து, நீங்களே யோசிச்சுக்கங்க" என்று ஒரு தூண்டில் வேறு. சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு விஷயமும் இல்லை. அவாஸ்டின் 2004-இல், உடம்பில் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான். அடுத்த வருஷமே கண் டாக்டர்கள் அதைக் கண்ணுக்குப் போட்டுப் பார்த்து, அது வேலை செய்ததால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த அவாஸ்டினை வைத்தே செய்யப்பட்டவை. சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கி, மாதா மாதம் ஊசி போட்டாக வேண்டியவர்களுக்கு, அதுவும் பார்வை ரொம்பக் குறைந்திருந்தால், முதல் வருஷத்தில் ஐலியா மேல் என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அது வேறு நோக்கம். நமக்குத் தேவை ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு ஊசி, அது பிடித்து வைக்க வேண்டியது சில நாள். திரும்பப் போய் டாக்டரிடமே கேட்டேன், "அவாஸ்டின் போதும், மிச்சக் காசை ஆபரேஷனுக்கு வெச்சுக்கங்க" என்றார்.

அது ஏன் அவ்வளவு மலிவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள், அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு குப்பியில் 4 மில்லி மருந்து, 100 மில்லிகிராம். ஒரு கண்ணுக்குத் தேவை 0.05 மில்லி, அதாவது 1.25 மில்லிகிராம். ஒரு சொட்டு அளவு. ஆக ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிக்கிறார்கள், விலையும் பிரிகிறது. பிரிக்கும் இடம் சுத்தமில்லை என்றால் கிருமியும் பிரிந்து எல்லோர் கண்ணுக்கும் போகும். குஜராத்தில் அப்படிப் பலருக்கு ஒரே நேரத்தில் கண்ணில் பிரச்சினை வந்து, 2016-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் இதைக் கண்ணுக்குப் போடுவது பற்றி எச்சரிக்கை விட்டது. கண் டாக்டர்கள் ஒன்றுசேர்ந்து ஏழைகளுக்கு வேறு வழியில்லை என்று எடுத்துச் சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். எனவே மலிவு மருந்தா என்று பயப்படுவதை விட்டுவிட்டு, எங்கே வைத்துப் பிரிக்கிறீர்கள், சிரிஞ்சில் பேட்ச் நம்பரும் தேதியும் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன். சிஸ்டர் முகம் சுளிக்காமல் உறை பிரிக்காத சிரிஞ்சைக் காட்டினார், லேபிள் இருந்தது, அதையே ஃபைலிலும் ஒட்டினார்கள். இதற்காகவே அந்த தியேட்டர் ஆட்களுக்குக் கூட ஒரு மதிப்பெண் போடலாம்.

சம்மதப் படிவத்தில், இந்த மருந்து கண்ணுக்கென்று அனுமதி பெற்றதல்ல என்பது தெளிவாக எழுதியிருந்தது, நல்ல விஷயம். முகவரியில் பாலக்காடு மாவட்டம் என்று பார்த்ததும் மலையாளப் படிவத்தை நீட்டினார்கள். தமிழ் மீடியத்தில் படித்த அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றார். தமிழ்ப் படிவம் பக்கத்து டிராயரிலேயே இருந்தது.

ஊசி போடுவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மயக்க மருந்து கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்தை விட்டு விட்டு உட்கார வைத்தார்கள். அப்புறம் பழுப்பு நிற பீட்டாடைனால் இமையைச் சுற்றித் துடைத்து, அதையே நீர்த்த அளவில் கண்ணுக்குள்ளும் விட்டார்கள். எரிச்சல் என்றால் இதுதான் எரிச்சல், ஊசி இல்லை என்பது அப்பாவின் வாக்குமூலம். கிருமித் தொற்று வராமல் காப்பது முக்கியமாக இந்தச் சொட்டுதான், எனவே எரிகிறது, வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்காதீர்கள். முகத்தில் ஓட்டை வைத்த துணி, இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பிக் கிளிப். கருவிழியின் விளிம்பிலிருந்து அளவுகோல் வைத்துப் புள்ளி குறித்து, லென்ஸ் வைத்த கண் என்பதால் 3.5 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில் குத்துகிறார்கள். "மேல பாருங்கய்யா, மூக்குப் பக்கம், அசையாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் போட்டாயிற்று. ஊசி ரொம்ப மெல்லியது. உடனே "எத்தனை விரல்" என்று காட்டினார்கள். அப்பாவுக்கு விரல் தெரியவில்லை, வெளிச்சம் தெரிந்தது, அது போதும் என்றார் டாக்டர். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடவில்லையா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியாம்.

வெளியே வந்தவர் கண் ஓரத்தில் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது, அம்மா பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். அது தானாகவே கரைந்துவிடும். பயப்பட வேண்டியது வேறு: வலி கூடிக்கொண்டே போவது, சிவப்பு பரவுவது, இருக்கிற பார்வையும் மங்குவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது. இது எதுவும் வந்தால் ராத்திரி என்றாலும் கிளம்பி வாருங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். சோதித்துப் பார்ப்போமே என்று ராத்திரியில் கூப்பிட்டேன், எடுத்தார்கள், எடுத்தது செக்யூரிட்டி இல்லை, டியூட்டி டாக்டர். ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு வரும் தொற்றுதான், ஆனால் வந்தால் கண்ணே போய்விடும், அதனால் அந்த நம்பர் வேலை செய்வது பெரிய விஷயம்.

இப்போது அந்த இரண்டு மதிப்பெண் கவுண்டர். இந்த ஊசிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. குழாய் வதங்கும்போது தழும்புச் சவ்வு இறுகிச் சுருங்கும், சுருங்கினால் விழித்திரையை இன்னும் பலமாக இழுக்கும். 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்கு முன் அவாஸ்டின் போட்ட 211 கண்களில் 11-இல் இப்படி இழுவை வந்திருந்தது அல்லது முன்பைவிட மோசமாகியிருந்தது, ஊசி போட்டதிலிருந்து சராசரியாக 13 நாளில். இதனால்தான் ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிடப் பார்க்கிறார்கள். எங்கள் டாக்டரும் வெள்ளிக்கிழமை ஊசி, புதன்கிழமை ஆபரேஷன் என்று எழுதியே கொடுத்தார். கவுண்டரில் இருந்தவரிடம், ஸ்டென்ட் வைத்த ஆள், ஃபிட்னஸை முதலில் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். "அது அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதல்ல ஊசிக்கு பில் கட்டுங்க, ஸ்லாட் போயிரும்" என்றார். கட்டினோம், போட்டார்கள். திங்கட்கிழமை ஃபிட்னஸுக்குப் போனால் எக்கோ என்கிற இதய ஸ்கேன் வேண்டும், எக்கோ பார்க்கிற டாக்டர் லீவு, அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன், எனவே "அடுத்த வாரம் மாத்திக்கலாமா சார், ஒண்ணும் அவசரம் இல்லையே" என்று அதே ஆள் கேட்கிறார். சினிமா டிக்கெட்டா மாற்றுவதற்கு?

நேராக ரெட்டினா டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். அவர் வெளியே வந்து ஃபைலைப் பார்த்துவிட்டுக் கவுண்டருக்கே நடந்து போய், மருந்து உள்ளே இருக்கிறது, இந்தத் தேதி நகராது என்று சொல்லி, வேறோர் இதய டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பினார். புதன்கிழமையே ஆபரேஷன் நடந்தது. டாக்டர் நல்லவராக இருந்ததால் தப்பித்தோம். ஒழுங்கான ஏற்பாடு என்றால் டாக்டரின் குணத்தை நம்பி இருக்கக் கூடாது, ஊசிக்கு பில் போடும் முன் ஃபிட்னஸ் ஓகே என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தான் செலவு. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் என்றால் ஊசியையே யோசித்துத்தான் போடுவார்கள், எனவே அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

ஆபரேஷனைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி, மூன்று சின்னத் துளை, உள்ளே இருந்த ரத்தக் கலங்கலை உறிஞ்சி எடுத்து, சவ்வை உரித்து, லேசர் அடித்து, விழித்திரை ஒட்டிக்கொள்ள சிலிகான் எண்ணெய் நிரப்பினார்கள். ரத்தக்கசிவு ரொம்பக் குறைவாக இருந்தது, ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். சிலருக்கு எண்ணெய்க்குப் பதில் கேஸ் வைப்பார்கள், கேஸ் கரையும் வரை விமானம் ஏறக்கூடாது. கல்ஃபிலிருந்து லீவில் வந்து ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய, ரிட்டர்ன் டிக்கெட் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் என்றால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு, அதன் செலவை முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள், எங்களிடம் கவுன்சலர் சொல்லவில்லை, டாக்டர்தான் சொன்னார்.

பார்வை? பழையபடி வரவில்லை, வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. முன்பு கை ஆடுவது மட்டும் தெரிந்தது, இப்போது எதிரே வருபவர் யார் என்று ஆள் தெரிகிறது, சாப்பாட்டில் மீன் முள்ளைத் தானே பொறுக்குகிறார், பஸ் போர்டு படிக்க முடியவில்லை. எண்ணெய் எடுத்த பிறகு கண்ணாடி போட்டால் இன்னும் கொஞ்சம் தெளியலாம் என்கிறார்கள். இடது கண்ணிலும் குழாய் முளைக்க ஆரம்பித்திருந்தது, ரத்தம் கொட்டும் முன்பே அதற்கு லேசர் அடித்துவிட்டார்கள், அதில் இப்போது நன்றாகவே தெரிகிறது.

எல்லையில் இருப்பவர்களுக்குப் பண விஷயம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும், நமக்குக் கிடையாது. கேரள அரசின் காப்பீடான எங்கள் காருண்யா அட்டையை அந்தக் கவுண்டரில் எடுக்கவில்லை. முழுக்கக் கைக்காசு. அட்டை இருப்பவர்கள் பாலக்காடு, திருச்சூர் பக்கம் பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரியில் விட்ரெக்டமி அதில் வருமா, ஊசிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம் கோயம்புத்தூர் பஸ் ஏறுங்கள். அப்படியே கோயம்புத்தூர்தான் என்றால் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, கண்ணில் சொட்டு விட்டால் அன்றைக்கு முழுக்கக் கூச்சம் இருக்கும், கூட ஓர் ஆள் கட்டாயம், கறுப்புக் கண்ணாடியை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே விலை அதிகம். கேன்டீன் இட்லிக்கு மூன்று மதிப்பெண், சட்னிக்கு ஒன்றும் இல்லை.